காடும் நாடும்: வட அலாஸ்காப் பயண எழுத்தும் தமிழாக்கச் சிக்கலும்

1. சிக்கலின் இயல்பு

பயண நூல்களை மொழிபெயர்ப்போர்க்குத் தாவரம், விலங்கு, கருவி ஆகியவற்றின் பெயர்களே பெரும் இடர் தருவன என்பது பொதுக்கருத்து. அகராதியில் இல்லாத பொருளுக்கு ஒலிபெயர்ப்பாலோ விளக்கத்தாலோ தீர்வு காண இயலும். அகராதியில் எளிதாகக் கிடைக்கும் சொற்களே உண்மையில் வழிதவறச் செய்வன. ஒரு நிலத்தை யார் நின்று காண்கிறார் என்னும் செய்தி அச்சொற்களுள் முன்னரே அமைந்துவிடுவது இதற்குக் காரணமாகும். வட அலாஸ்காவின் பெருநிலப்பரப்பை இலையுதிர் காலத்தில் சாலை வழியாகவும் சிறு விமானத்தின் வழியாகவும் கண்டு எழுதும் ஆங்கிலப் பயண எழுத்தில் இது தெளிவாகப் புலப்படுகிறது. ‘வில்டர்னஸ்’, ‘புஷ்’, ‘ஃபால்’, ‘கன்ட்ரி’ என்னும் நான்கு சொற்களை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

2. இரு பார்வைகள்

டால்டன் நெடுஞ்சாலை 666 கி.மீ. நீளமுடையது. 1968இல் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டறியப்பட்டதன் விளைவாக 1974இல் சரக்குப் பாதையாக அமைக்கப்பட்ட இது, 1994இல்தான் முழுமையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. யூக்கான் ஆற்றையும் ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து, 1,444 மீட்டர் உயரத்திலுள்ள அட்டிகன் கணவாய் வழியே புரூக்ஸ் மலைத்தொடரைத் தாண்டுகிறது. இவ்வழியில் செல்வோர் பார்வையில் எண்ணெய்க் குழாயும் சரலைத் தெறிக்கவிட்டுச் செல்லும் சரக்கு வண்டிகளும் இடையறாது படுகின்றன. எனவே சாலைவழி எழுத்தில் இயற்கை வருணனையும் மனிதத் தொழிலும் ஒரே வாக்கியத்துள் இடம்பெறுகின்றன.

விமானவழி எழுத்து இதனின் வேறானது. சாலைக்கு மேற்கே விரியும் ‘ஆர்க்டிக் வாயில்’ தேசியப் பூங்காவும் காப்பகமும் சேர்ந்து ஏறத்தாழ 34,000 சதுர கி.மீ. பரப்புடையன. அங்குச் சாலையோ செப்பனிட்ட நடைபாதையோ இல்லை. ஏரியில் மிதவையிட்ட விமானமும் ஆற்றோரக் கூழாங்கல் திட்டில் அகன்ற சக்கர விமானமும் இறங்குகின்றன. உயரத்திலிருந்து காண்போர்க்கு ஊரும் தடமும் பெயரும் புலப்படுவதில்லை. ‘யாருமில்லை’ என்னும் முடிவுக்கு எழுத்தாளர் எளிதில் வந்துவிடுகிறார். அவ்வாறு தோன்றுவது பார்வையின் உயரத்தாலேயன்றி நிலத்தின் இயல்பால் அன்று. அதே விமானம் சாலையில்லா ஊர்களுக்குப் பேருந்தாகவும் சரக்கு வண்டியாகவும் பயன்படுதல் ஈண்டு நோக்கத்தக்கது.

3. ‘வில்டர்னஸ்’

1964ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், மனிதர் வந்துசெல்லலாம், தங்கலாகாது என்னும் கருத்தமைய இச்சொல்லை வரையறுத்தது. அலாஸ்காவில் அவ்வரையறை முழுமையாகப் பொருந்தாமை விரைவிலேயே உணரப்பட்டது. மேற்கூறிய பூங்காவை உருவாக்கிய 1980ஆம் ஆண்டுச் சட்டம், அப்பகுதி ஊர்மக்கள் பிழைப்புக்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமை வழங்கியது. விமானம் இறங்குவதற்கும் இடமளித்தது. ஆகவே ஒரே சொல் 1964ஆம் ஆண்டு வரையறையில் ஒரு பொருளையும் அலாஸ்கா நடைமுறையில் மற்றொரு பொருளையும் தருகிறது.

தமிழில் இதற்கு வழங்கும் ‘வனாந்தரம்’ விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாக வறண்ட பாழ்நிலத்தை நினைவூட்டுகிறது. ‘கன்னிக்காடு’ என்பது மனிதர் கைபடாமையை உண்மையெனவே ஏற்றுக்கொள்கிறது. புரூக்ஸ் தொடருக்கு வடக்கே மரங்களே இல்லையாதலின் ‘காடு’ பொருந்தாது எனச் சிலர் கருதக்கூடும். கொங்கு வட்டாரத்தில் புன்செய் நிலமும் காடு எனப்படும். சுடுகாட்டிற்கும் மரம் வேண்டுவதில்லை. ஆகலின் மரமின்மை தடையன்று. மக்களின்மையைச் சொல்லாமற் சொல்லும் அடைமொழிகளே தடையாகின்றன.

4. பெயர்கள் கூறும் சான்று

பூங்காவின் பெயர் ராபர்ட் மார்ஷல் இட்டது. 1929 முதல் கொயுகுக் ஆற்றின் வடகிளைப் பகுதியில் பயணம் செய்த இவர், எதிரெதிரே நிற்கும் இரு மலைகளை ‘ஆர்க்டிக்கின் வாயில்கள்’ என அழைத்தார். வாயில் என்பது தெற்கிலிருந்து வருவோர்க்கே வாயில். வடபுறத்தில் வாழ்வோர்க்கு அது வேறொன்று. எனினும் மார்ஷலை ஒருதலையாகக் குறைகூறுதல் முறையன்று. டூனராக் என்னும் சிகரத்திற்கு ஆவியைக் குறிக்கும் எஸ்கிமோ மொழிச் சொல்லையே அவர் தேர்ந்தார். வைஸ்மன் என்னும் சிற்றூரில் தங்கி, அம்மக்களைப் பற்றி 1933இல் ஒரு நூலும் எழுதினார். அவர் மறைந்த பின் 1956இல் வெளிவந்த பயணநூலின் தலைப்பில்தான் ‘வில்டர்னஸ்’ இடம்பெற்றது.

பூங்கா எல்லைக்குள்ளேயே அனக்டுவுக் கணவாய் என்னும் ஊர் உள்ளது. நுனாமியுட் மக்கள் 1940களின் இறுதியில் அங்கு நிலையாகக் குடியமரத் தொடங்கினர். காரிபூ மான்களின் புழுக்கை மிகுந்த இடம் என்பது அப்பெயரின் பொருள். பயணிக்கு இப்பெயர் நகைப்பூட்டலாம். வேட்டுவர்க்கோ மந்தை செல்லும் வழியையும் உணவு கிடைக்கும் இடத்தையும் அறிவிக்கும் தகவல் அது. நுனாமியுட் என்பதற்கு நிலத்து மக்கள் என்று பொருள்; கடலோர இனத்தவர் தாரேயுமியுட், அதாவது கடல் மக்கள், எனப்பட்டனர். நிலத்தால் மக்களைப் பெயரிடும் இம்முறை திணைமரபை அறிந்தோர்க்குப் புதிதன்று.

புரூக்ஸ் தொடருக்கு வெகு தெற்கேயுள்ள வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமும் இதற்குச் சான்றாகும். கொயுகோன் மொழியில் உயர்ந்தது என்னும் பொருள்படும் டெனாலி 1896இல் மக்கின்லி எனப்பட்டது. 1975இல் அலாஸ்கா மாநிலமும் 2015இல் கூட்டரசும் பழம்பெயருக்குத் திரும்பின. 2025 சனவரியில் பிறந்த கூட்டரசு ஆணை மீண்டும் மக்கின்லி என்றது. இப்பெயரை எழுதும் மொழிபெயர்ப்பாளர் எதனைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் சார்ந்தவராகிறார்.

5. ‘புஷ்’, ‘ஃபால்’, ‘கன்ட்ரி’

அலாஸ்காவில் ‘புஷ்’ என்பது சாலைத் தொடர்பற்ற ஊர்ப்புறம் முழுமையையும் குறிக்கும். ‘புதர் விமானி’ என்னும் ஆக்கம் பொருளையே கெடுத்துவிடும். ‘சாலையில்லாப் பகுதி விமானி’ எனல் நீளமாயினும் பிழையற்றது.

‘ஃபால்’ என்பதற்கு இலையுதிர் காலம் வழங்குகிறது. மரமற்ற வடசரிவில் ஆகஸ்ட் இறுதியில் குட்டைப் பிர்ச்சும் நிலம்படர் செடிகளும் கணுக்காலளவில் சிவக்கின்றன. அண்ணாந்து பார்க்கும் பருவமன்று அது, குனிந்து பார்க்கும் பருவம். கூதிர் என்பதும் உதவாது. ஐப்பசியும் கார்த்திகையும் அங்குக் கடுங்குளிர்க் காலத்தைச் சேர்ந்தவை. பயணிக்கு இது வண்ணம் காணும் பொழுது. ஊராருக்கு இறைச்சியும் கனியும் விறகும் சேர்க்கும் பொழுது. ஏரி உறையத் தொடங்கினால் மிதவை விமானம் இறங்காது. பனிக்கட்டி தடிக்கும்வரை சறுக்குக்கட்டை பொருத்திய விமானமும் இறங்காது. எனவே இப்பருவ எழுத்தில் அழகைக் குறிக்கும் பெயரடைகளைவிட நெருக்கடியைக் குறிக்கும் வினைச்சொற்களையே மொழிபெயர்ப்பாளர் முதன்மையாகக் காத்தல் வேண்டும்.

‘கன்ட்ரி’ மேலும் அரியது. ஜான் மக்ஃபீயின் 1977ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் வரும் இச்சொல், யூக்கான் மேற்பகுதி வழக்கில் ஒருவர் அந்நிலத்திற்கு வந்து குடியேறுதலைச் சுட்டும் தொடரின் உறுப்பாகும். நூலின் முதற்பகுதி ஆற்றுப் பயணம்; இறுதிப்பகுதி ஈகிள் என்னும் சிற்றூரில் குடியேறியோரும் அருகில் வாழும் தொல்குடியினரும் கூட்டரசின் நிலச்சட்டங்களும் ஒன்றோடொன்று முரண்படும் நிலையைக் காட்டுகிறது. தமிழில் நாடும் காடும் எதிரிணைகள். புறநானூற்றின் 187ஆம் பாடலே அவ்விணையை முன்வைக்கிறது. ஆங்கிலத்தவர் காடெனக் காணும் ஒன்றை அங்கு வாழ்வோர் ‘கன்ட்ரி’ என்கின்றனர். ஆகவே ‘நாடு’ என்னும் நேர்ச்சொல்லே அந்நூலின் வாதத்தைத் தமிழில் கூர்மையாக்கும். இடத்திற்கேற்பக் ‘காட்டுப்பகுதி’ என மாற்றுவது நூலின் மையத்தைத் தளர்த்திவிடும்.

6. முடிபு

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். எனினும் தெய்வமும் உணவும் தொழிலும் முதலான கருப்பொருள் சேராமல் திணை நிறைவுறுவதில்லை. ‘வில்டர்னஸ்’ என்பது கருப்பொருளில் மனிதன் சார்ந்தவற்றை நீக்கிய நிலக்கோட்பாடு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அக்கோட்பாட்டை மறைக்கவும் வேண்டா, தம்முடையதாக ஏற்கவும் வேண்டா. சட்ட வழக்கில் வருமிடத்து ‘காப்புநிலம்’ என்றும், பயணியின் உணர்வாக வருமிடத்து ‘ஆளரவமற்றதாகத் தோன்றும் நிலம்’ என்றும், அங்கு வாழ்வோர் கூற்றில் ‘நாடு’ என்றும் வேறுபடுத்தல் தகும். இடப்பெயர்களை ஒலிபெயர்த்து, பொருளை முதல் வரவிலேயே தருதலும் இன்றியமையாதது.

2008இல் ஏயக் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் மறைந்தார். 2014இல் அலாஸ்கா தன் தொல்குடி மொழிகள் இருபதுக்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கியது. சொல் மறையும்போது நிலம் ஆளற்றதாகத் தோன்றத் தொடங்குகிறது. தொலைவிலுள்ள தமிழ் வாசகர் அம்மக்களை அறிவது மொழிபெயர்ப்பின் வழியாகவே. அவ்வாக்கத்திலும் அவர்கள் விடுபட்டால், அந்நிலம் தமிழிலும் ஆளற்றதாகிவிடும்.