பக்கத்து இருக்கையில் யார்?

பழைய படங்களில் ஓடும் பந்தயக் கார்களை அடையாளம் காண்பது தோழர்களுக்கு வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகப் படலாம். அதுவும் ஒரு வாசிப்புதான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும். ரேடியேட்டர் குதிரை லாடம் போலிருந்தால் புகாட்டி என்று ஊகிக்கலாம். பின்சக்கரத்துக்குச் சங்கிலி போகிறதா, சக்கரத்தின் ஆரம் மரமா கம்பியா என்று பார்த்தால் காலம் பிடிபடும். நிறத்தை நம்பக்கூடாது. அன்றைய படச்சுருள் நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவுசெய்தது. பிரெஞ்சுக்காரனின் நீலக் கார் திரையில் வெளிறிப்போய் ஜெர்மானியனின் வெள்ளைக் காரோடு கலந்துவிடும். (பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணிலிருந்து எழுதுகிறவனுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.) வேஷமும் உண்டு. ஃபிராங்கன்ஹைமரின் 'கிராண்ட் பிரீ'யில் (1966) நடிகர்கள் ஓட்டியவை ஃபார்முலா ஒன் கார்கள் போல ஒப்பனை செய்யப்பட்ட சின்னக் கார்கள்.

இந்த அறிவு எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதுதான் என் கேள்வி. 1914 பிப்ரவரியில் வெளியான 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் நிஜமாகவே நடந்த சிறுவர் கார்ப் பந்தயத்தில் எடுத்தது. சாப்ளினின் நாடோடி வேஷம் திரைக்கு வந்த முதல் படம். பந்தயத்தைப் படம் பிடிக்க வந்தவனின் கேமராவுக்கு முன்னால் ஒருத்தன் வந்து வந்து நிற்கிறான், தள்ளத் தள்ள நிற்கிறான். கதையே அவ்வளவுதான். கார் தேடுகிறவருக்கு அவன் மறைக்கிற ஆள். படமோ மறைக்கிறவனைப் பற்றியது.

அதே ஆண்டு, மேபெல் நார்மண்ட் பந்தயக் கார் ஓட்டும் 'மேபெல் அட் த வீல்' வந்தது. சான்டா மோனிகாவின் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அந்தக் கோப்பையை ரால்ஃப் டி பால்மா மெர்சிடஸில் ஜெயித்தார் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஏம்பலத்தில் என்னோடு உட்கார்ந்து பார்த்த நண்பர், லாரியில் கிளீனராக இருந்தவர், குறுக்கிட்டார்: "அதெல்லாம் சரி, அந்தக் காலத்து வண்டியில பக்கத்துல குந்திக்கினு இருக்கானே, அவன் யாரு?"

கூடவே போகும் மெக்கானிக். எண்ணெய் அழுத்தம் குறையாமல் கையால் பம்ப் அடிப்பான், டயரைக் கவனிப்பான், பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்த்துச் சொல்வான். வண்டி கவிழ்ந்தால் அவனும் சாவான். 1911இல் இண்டியானாபொலிஸில் ரே ஹாரூன் தனியாளாக ஓட்டி ஜெயித்தார். பின்னால் பார்க்க ஆளில்லையே என்று மற்றவர்கள் ஆட்சேபித்தபோது காரில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மஞ்சள் மார்மன் காரை அடையாளம் காண அந்தக் கண்ணாடி போதும். ஒரு ஆள் இருந்த இடம் அது என்பதை யாரும் குறிப்பதில்லை.

"அப்ப கண்ணாடி வந்ததும் அவன் வேலை போயிடுச்சா?"

உடனே போகவில்லை. 1912இலிருந்து அங்கே மெக்கானிக் கட்டாயம் என்றார்கள், 1923இல் தளர்த்தினார்கள், 1930இல் மறுபடி கட்டாயமாக்கி 1937 வரை வைத்திருந்தார்கள். அந்த 1912 பந்தயத்தில் 200 சுற்றில் 196 சுற்று முன்னால் இருந்த டி பால்மாவின் மெர்சிடஸ் முடிவை நெருங்கும்போது படுத்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். மெக்கானிக்கின் பெயர் ரூபர்ட் ஜெஃப்கின்ஸ். தள்ளியதால் பெயர் தங்கியது.

நண்பர் சிரித்தார். "நாங்களும்தான் தள்னோம்."