கைநாட்டும் கைரேகையும்

எங்கள் பாட்டியின் கட்டைவிரலை மிஷின் படிக்கவில்லை. குருணுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ஒரு வேலையாக அவரை ஒரு கவுண்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். விரலைத் துடைத்தார்கள், ஈரப்படுத்தினார்கள், அழுத்திப் பிடித்தார்கள். ரேகை விழவில்லை. தேய்ந்துபோயிருந்தது. வெளியே வந்ததும் பாட்டி சொன்னார்: “அந்தக் காலத்துல கிராணி மையத் தடவி ஒரே அமுக்கா அமுக்குவாரு. ஒரு தடவகூட தப்புனதில்ல.”

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது, எட்வர்ட் ஹென்றி என்ற வங்காளப் போலீஸ் தலைமை அதிகாரி கைரேகையைப் பற்றி 1900இல் வெளியிட்ட புத்தகம். துப்பறியும் கதைப் பைத்தியம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. போலீஸ்காரர்களுக்கான கையேடு அது. ஆனால் அதில் வரும் ஒரு வழக்கை என்னால் சிறுகதையாகத்தான் வாசிக்க முடிந்தது. ஏனென்றால் அது ஒரு தோட்டக் கதை.

1898. வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரை கழுத்தறுபட்டுப் படுக்கையில் கிடக்கிறார். பணம் போயிருக்கிறது. யாரைச் சந்தேகிப்பது? முதலில் தோட்டத்துக் கூலிகள். காரணம், துரை வேலை வாங்குவதில் கடுமையானவர் என்று பேர் எடுத்தவர். அடுத்து, துணியில் ரத்தக்கறை இருந்த சமையல்காரர். துரையோடு தொடர்பில் இருந்த பெண்ணின் உறவினர்கள். அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருந்த காபூலிகள். கடைசியாக, திருட்டு வழக்கில் துரையே சிறைக்கு அனுப்பிய ஒரு முன்னாள் வேலைக்காரன்.

கூலிகளுக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை. சமையல்காரர், துரையின் சாப்பாட்டுக்காகப் புறா அறுத்த ரத்தம் என்கிறார். ரசாயனப் பரிசோதனை அவர் சொன்னதை உறுதிப்படுத்துகிறது. பிறகு துரையின் பெட்டியிலிருந்த காகிதங்களுக்கு நடுவே ஒரு வங்காளப் பஞ்சாங்கம் அகப்படுகிறது. அதன் வெளிர்நீல அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதில் ஒன்று விரல் தடம். கல்கத்தாவில் 1897இல் தொடங்கிய கைரேகை அலுவலகத்தில், தண்டனை பெற்றவர்களின் ரேகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒப்பிட்டபோது அந்த முன்னாள் வேலைக்காரனின் வலது கட்டைவிரலோடு பொருந்தியது. திருட்டுக்குத் தண்டனை கொடுத்த நீதிமன்றம், கொலைக் குற்றத்திலிருந்து அவனை விடுவித்தது. தடத்தை மட்டும் நம்பிக் கொலைக் குற்றத்தை உறுதிசெய்ய அது தயங்கியது. ஏழு வருடம் கழித்து, 1905இல், லண்டனில் ஒரு பணப்பெட்டியில் பதிந்த கட்டைவிரல் தடம் முக்கிய சாட்சியாக நிற்க, ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் தூக்கில் போடப்பட்டார்கள்.

ஹென்றி நல்ல கதைசொல்லி. சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். ஆனால் எனக்கு உறுத்தியது ஒரு வரி. துரை கடுமையானவர் என்பது அவர் எழுத்தில் கொலைக்கான ஒரு நோக்கம், அவ்வளவுதான். ஒரு ஆள் இறந்ததும் தோட்டம் முழுக்கச் சந்தேகத்துக்கு உள்ளாகும் அளவுக்கு அந்தக் கடுமை என்னவாக இருந்தது? அதை எந்தப் பூதக்கண்ணாடியும் பார்க்கவில்லை.

இன்னொன்று. தடம் பேசியது, அந்த விரல் ஏற்கெனவே அலமாரியில் இருந்ததால்தான். குற்றவாளி அந்த மாவட்டத்து வேறொரு துரையாக இருந்திருந்தால், அந்த நீல அட்டை ஊமையாகவே இருந்திருக்கும். அலமாரியில் யார் விரல் இருக்கும் என்பது கொலைக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். கைரேகையின் காலனிய வரலாறே ஒரு ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. 1858இல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல், ரோட்டுக்குச் சரளைக்கல் கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை மையில் பதித்து வாங்கினார். பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. ஹென்றி பெயரில் உலகம் சுற்றிய வகைப்பாட்டுக்கு, 1024 அறைகள் கொண்ட அந்த அடுக்குமுறைக்கு, கணக்குப் போட்டவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும். முறைக்கு அவர்கள் பெயர் வரவில்லை.

தமிழுக்குத் துப்பறிவாளர் வந்ததும் இதே காலத்தில்தான். பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ 1894இல் வந்தது. தானவன் என்ற பெயரிலேயே, அன்று இங்கிலாந்தில் பிரபலமாக இருந்த டிக் டோனவன் என்ற துப்பறிவாளர் காதில் விழுகிறார். நடேச சாஸ்திரி நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தவர். தலைப்பில் ‘அற்புத’ என்ற சொல்லைப் போட்டதில் ஆச்சரியமில்லை. மரியாதை ராமனின் தீர்ப்பை வியந்து கேட்ட காதுக்குப் போலீஸ் நிபுணனும் ஓர் அற்புதம்தான். பிறகு ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று அந்த வழி நீண்டது.

அந்த வழியின் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான்: விக்டோரியா காலத்திலிருந்து நாம் நிபுணனின் மூளையைக் கடன் வாங்கினோம், அலமாரியை விட்டுவிட்டோம். அவன் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறான், அந்தத் தகவல் யாருடைய உடம்பிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்று நம் துப்பறியும் கதைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. நம் தோட்டக் கதைகளோ அந்த உடம்பின் வலியைச் சொல்கின்றன. அதை ஆதாரமாக அடுக்கி ஒரு வழக்காக நடத்துவது அபூர்வம்.

இப்படிச் சொல்வதால் அறிவியல் நமக்கு எதிரி என்று ஆகாது. அந்தச் சமையல்காரரை நினைத்துப் பாருங்கள். ரசாயன அறிக்கை இல்லாமல் “புறா ரத்தம்” என்று அவர் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்? கூலிக்காரன் பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் அந்தப் பரிசோதனைதான் அவர் பக்கம் பேசியது. அதனால்தான் இந்த வழக்கை ஒரே பக்கமாக வாசிக்க முடியவில்லை.

தமிழில் ஒரே கட்டைவிரலுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறோம். போலீஸ் எடுத்தால் கைரேகை, அது விஞ்ஞானம். பாட்டி வைத்தால் கைநாட்டு, அது வசவு. “நீ என்ன கைநாட்டா?” என்று பள்ளிக்கூடத்தில் நானே கேட்டிருக்கிறேன். குருணிலிருந்து யாராவது ஒரு துப்பறியும் கதை எழுதுவதாக இருந்தால், தேய்ந்துபோன அந்த ரேகையிலிருந்து தொடங்கச் சொல்வேன். மிஷினுக்கு அது வெற்று விரல். முப்பது வருடம் அந்த விரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கும் துப்பறிவாளருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.