பழுதும் பொறுப்பும்: தோட்டத்து வீட்டில் விளையாட்டுப் பெட்டி

தமிழ்ப்பள்ளிகளின் கட்டுரைப் பயிற்சி ஏடுகளில் நெடுங்காலமாகத் தலைகாட்டி வரும் தலைப்புகளுள் ஒன்று, மின்னியல் விளையாட்டுகளால் விளையும் தீமைகள் என்பது. அத்தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளின் போக்கும் ஏறத்தாழ ஒன்றே. கண் கெடும், படிப்புக் கெடும், பெற்றோர் சொல்லைப் பிள்ளை கேளாது, ஆதலால் பல்லாங்குழிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் திரும்புவோமாக என்னும் வேண்டுகோளோடு கட்டுரை முற்றுப்பெறும். ஆண்டு மலர்களில் பெரியோர் எழுதுவனவும் இப்பாதையை விட்டு வெகுதூரம் விலகியவை அல்ல.

இக்கட்டுரைகள் கூறுவது பொய்யன்று. அளவு மீறிய ஆட்டம் கேடு தரும் என்பதை மறுப்பார் இலர். எனினும் இவ்வகை எழுத்தில் பெருங்குறை ஒன்று உண்டு. பெட்டி வீட்டுக்குள் வரலாகாது என்று அறிவுரை கூறும் கட்டுரை, பெட்டி வந்துவிட்ட வீட்டுக்கு எதனையும் கூறுவதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது, யாரிடம் வாங்குவது, பழுதானால் என்ன செய்வது ஆகிய மூன்று வினாக்களையும் அது தொடுவதே இல்லை. வாழ்க்கைக்கு வழிகாட்ட வேண்டிய எழுத்து, வாழ்க்கை வந்து கதவைத் தட்டும்போது மட்டும் வாய்மூடி நின்றால் அதனை நிறைவான எழுத்து என்று எங்ஙனம் ஏற்பது?

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் இவ்வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. இந்நாட்டின் வணிகச் செம்பனைச் சாகுபடி 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தென்னமரம் தோட்டம் இப்பகுதியில்தான் உள்ளது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா எனச் சுற்றிலும் உள்ள ஊர்களில் தோட்ட உழைப்பால் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேர்விட்டிருக்கின்றன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். வட்டுப் போட்டு ஆடும் வகையைச் சேர்ந்த புதிய பிளேஸ்டேஷன் 5 பெட்டி ஒன்றின் விலை அத்தொகையையும் மிஞ்சுகிறது. தீபாவளி போனசும் கூட்டுப் பணமும் சேர்ந்தே அப்பெட்டி வீட்டுக்குள் வருகிறது. தேர்வில் நன்றாக எழுதினால் வாங்கித் தருவதாகத் தந்தை அளித்த வாக்கும் பல வேளைகளில் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு மாத உழைப்பை ஒரே பொருளில் இடும் குடும்பத்துக்கு அப்பொருள் மூன்றாம் திங்களில் நின்றுபோனால் அது சிறு இழப்பாகுமா?

பழைய விளையாட்டையும் புதிய பெட்டியையும் ஒப்பிடுவோர் ஒழுக்கத்தை அளவுகோலாக்குகின்றனர். அதனினும் கூர்மையான அளவுகோல் வேறொன்று உண்டு. கிட்டிப்புள் முறிந்தால் வேலியோரக் கிளையொன்றை வெட்டிச் சீவிக்கொள்ளலாம். பல்லாங்குழிக்குரிய காய் தொலைந்தால் பால்மரக் கொட்டையைப் பொறுக்கிக்கொள்ளலாம். செய்தவனும் ஆடுபவனும் பழுது பார்ப்பவனும் ஒருவனாகவே இருந்த காலம் அது. விளையாட்டுப் பெட்டியிலோ செய்தவன் கடல் கடந்து இருக்கிறான். விற்றவன் பட்டணத்தில் இருக்கிறான். ஆடுபவன் மட்டுமே தோட்டத்தில் இருக்கிறான். பழுது நேரும்போது இம்மூவருள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் ஆடிய சிறுவன் ஒருவனே. ஆதலால் பழி அவன்மேல் விழுகிறது. அடியும் அவன் முதுகில் விழுகிறது.

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்துதெளிதல்' என்றோர் அதிகாரம் வகுத்தார். அரசன் தனக்கு உரியாரைத் தேர்ந்துகொள்ளும் முறையைக் கூறுவது அது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின்னர் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. இக்கருத்தைப் பெட்டி வாங்கும் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் இரு தவறுகளும் அங்கே நிகழக் காணலாம். ஆராய வேண்டிய கடைக்காரரையும் பெட்டியையும் ஆராயாமல் நம்புகின்றனர். நம்ப வேண்டிய பிள்ளையைப் பழுது வந்தவுடன் ஐயுறுகின்றனர்.

பிள்ளையை ஐயுறுவது எத்துணைத் தவறாக முடியக்கூடும் என்பதற்கு இப்பெட்டிகளின் வரலாறே சான்று. 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டது. முதலில் வந்த பெட்டிகளில் சில்லு ஒன்றில் இருந்த குறையால் ஆட்டம் நடுவிலேயே உறைந்து நின்றது. நிறுவனம் பெட்டிகளைத் திரும்பப் பெற்று உள்ளிருந்த மின்பலகையை மாற்றித் தந்தது. கன்ட்ரோலர் எனப்படும் கைக்கருவியில் இருந்த சதுர வடிவ இரப்பர்ப் பொத்தான்களும் சிக்கிக்கொண்டமையால், பின்னர் அவை வட்டப் பொத்தான்களாயின. அக்கைக்கருவிகள் பெட்டியோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தன. கருவியில் பழுதென்றால் பெட்டியையே பணிமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியின் கதை இன்னும் பெரிது. முன்புற விளக்கு வளையத்தில் மூன்று பகுதிகள் சிவந்து ஒளிர, பெட்டி செயலற்றுப் போயிற்று. முறையீடுகள் பெருகவே, 2007ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் அப்பழுதுக்குரிய உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்கென 105 கோடி முதல் 115 கோடி அமெரிக்க டாலர் வரை செலவாகும் என்றும் அறிவித்தது. பெட்டி சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்தமையால் உள்ளே பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போயின என்பதை அந்நிறுவனமே 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கியது. பெட்டியை இயக்குவதும் நிறுத்துவதுமே பழுதுக்குக் காரணமாயிருந்தபோது, ஆடிய பிள்ளையின் குற்றம் அதில் எங்கே?

2017ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் பழுது வேறு வகையாக வந்தது. ஜாய்-கான் எனப்படும் அதன் கைக்கருவியில் குச்சியைத் தொடாமலிருக்கும்போதே திரையில் உள்ள உருவம் தானாக நகரத் தொடங்கிற்று. குச்சியின் அடியில் மின்தொடர்பு உரசிச் செல்லும் கரித்தடம் தேய்ந்துபோவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. உரசித் தேயும் தடமின்றிக் காந்தத்தால் நிலையறியும் முறை 1998இல் வந்த சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் பெட்டியிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. 2020ஆம் ஆண்டு ஜூனில் நிண்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்க்கு நேர்ந்த இன்னலுக்காக மன்னிப்புக் கேட்டார். ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்பு ஏறத்தாழ 25,000 முறையீடுகளைத் திரட்டி, 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் வைத்தது. உத்தரவாதக் காலம் கடந்த கருவிகளையும் கட்டணமின்றிப் பழுது பார்த்துத் தரும் ஏற்பாடு 2023இல் ஐரோப்பாவுக்குக் கிட்டியது. ஐரோப்பாவில் அக்குடும்பங்கள் எழுதின. தோட்டப்புறத்தில் அதே குச்சி தானாக நகர்ந்தபோது, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. பிள்ளை திட்டு வாங்கியது.

இவ்வரலாறு தேர்வுக்கும் ஒரு பாடம் தருகிறது. தேர்வு கடையில் பணம் கொடுத்த கணத்தில் முடிவதில்லை. பழுது வரும் நாளில்தான் அது நல்ல தேர்வா தீய தேர்வா என்பது தெரியும். ஆகவே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பெட்டியில் படம் அழகாகத் தெரியும் என்பதன்று. பழுதானால் யார் பொறுப்பேற்பார் என்பதே. சந்தையில் உள்நாட்டு உத்தரவாதத்தோடு வரும் பெட்டியும் உண்டு; கடைக்காரரே வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் பெட்டியும் உண்டு. பின்னது சற்று மலிவாகக் கிடைக்கலாம். ஆயின் அதற்குரிய உத்தரவாதம் அந்தக் கடையின் சொல்லளவே. பழைய பெட்டியைத் தனியார் ஒருவரிடம் வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். வணிகம் செய்யாத ஒருவரிடம் வாங்கிய பொருளுக்குப் பயனீட்டாளர் சட்டத்தின் துணை கிட்டாது. அரைமணி நேரமேனும் ஆடிப் பார்த்து, சூடேறிய பின்னும் இயங்குகின்றதா, குச்சி தன் நடுநிலைக்குத் திரும்புகின்றதா என்று கண்ட பின்னரே பணம் கொடுத்தல் தகும்.

வட்டா, இணையவழி இறக்கமா என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. வட்டை அண்டை வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளலாம். ஆடி முடித்த பின் விற்கவும் செய்யலாம். இறக்கிய ஆட்டத்தைப் பிறர்க்கு விற்க இயலாது. நல்ல இணையத் தொடர்பும் வேண்டும். இணையம் தளர்ந்த தோட்டத்தில் வட்டில்லாப் பெட்டியை மலிவென்று வாங்குவது பின்னர் வருத்தும்.

இடத்தின் இயல்பும் கருதத்தக்கது. மலாக்கா நீரிணைக் கரையோரத்தில் உப்புக்காற்றும் ஈரமும் மிகுதி. இடியும் மின்னலும் அடிக்கடி வருவன. மழை இருட்டும்போது மின்செருகியைப் பிடுங்கி வைப்பதும், காற்றோட்டமற்ற அலமாரிக்குள் பெட்டியை அடைக்காதிருப்பதும், பல்லியும் கரப்பானும் புகாமல் காப்பதும் செலவில்லாத காப்புகள். தொண்ணூறுகளில் தைவானின் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் ஆடிய தலைமுறை, ஆட்டப்பேழை இயங்கவில்லையென்றால் அதனை வாயால் ஊதுவதை மருந்தாகக் கொண்டிருந்தது. ஊதும் மூச்சின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும் என்பதை அப்போது எடுத்துச் சொல்வார் அரிதாகவே இருந்தனர். அறியாமல் செய்த மருத்துவம் நோயை வளர்த்தது.

இத்தனை காப்புக்குப் பின்னும் பழுது வந்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்பதும், பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்பதும் அச்சட்டம் தரும் உறுதிகள். திருத்தக்கூடிய குறையாயின் விற்றவர் நியாயமான காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். தவறினால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வாங்கியவர்க்கு உண்டு. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கடைச்சுவரில் தொங்கும் அட்டை இவ்வுரிமையை அழித்துவிடாது. விற்றவர் இணங்காவிடில், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு அளிக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். அங்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு அளித்தல் வேண்டும் என்பது எல்லை.

சட்டம் ஒருபக்கச் சார்புடையதன்று. பொருளை முறைகேடாகக் கையாண்டவர்க்கு அது துணை வராது. எனவே பெட்டி கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா என்று பிள்ளையிடம் முதலில் அமைதியாகக் கேட்டறிதல் வேண்டும். அடிக்கு அஞ்சும் பிள்ளை உண்மையை மறைக்கும். உண்மை தெரியாத தந்தை கடையில் தலைகுனிவார். இங்கே அன்பும் சட்டமும் ஒரே வழியைக் காட்டுகின்றன.

ஏழைத் தொழிலாளிக்கு இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பார் உளர். விசாரணைக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். படிவமோ தமிழில் இல்லை. கடைக்காரர் முன் நின்று பேசவும் தயக்கம். இத்தடைகள் மெய்யானவையே. ஆனால் மன்றப்படி ஏறுவதற்கு முன் ஒரு படி உண்டு. அது கடிதம். வாங்கிய நாள், கொடுத்த தொகை, பழுது தோன்றிய நாள், அதன் தன்மை, வேண்டுவது யாது, எத்தனை நாளுக்குள் என ஆறு செய்திகளை வரிசைப்படுத்தி, ரசீதின் படியை இணைத்துக் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம். அதனைத் தேசிய மொழியில் எழுதுவதாயினும் செய்திகளை வரிசைப்படுத்தும் அறிவு தாய்மொழியில் பயின்றதாகவே இருக்கும்.

புகார்க் கடிதம் எழுதும் பயிற்சி தமிழ்ப்பள்ளிக்குப் புதிதன்று. குப்பை அள்ளப்படாமையைப் பற்றியும் சாலை விளக்கு எரியாமையைப் பற்றியும் மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். அனுப்பப்படாத அக்கடிதங்கள் மதிப்பெண்ணோடு முடிந்துபோகின்றன. அதே வகுப்பில் ஓர் உண்மையான ரசீதையும் ஓர் உத்தரவாத அட்டையையும் கொடுத்து, கைக்கருவியின் குச்சி தானாக நகர்கிறது என்று கடைக்கு எழுதச் சொன்னால் பயிற்சியின் பொருளே மாறும். ரசீதில் மை மங்கிவிடும், ஆதலால் அன்றே படமெடுத்து வைக்க வேண்டும் என்பதையும் அந்தப் பாடத்திலேயே சொல்லலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சென்று தந்தைக்கும் எழுதித் தரும்.

மின்னியல் விளையாட்டின் தீமைகள் என்னும் தலைப்பை அறவே நீக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் 'வாங்கிய பொருள் பழுதானால்' என்று இன்னொரு தலைப்பையும் ஆசிரியர்கள் எழுதி வைக்கட்டும்.