ஈரமும் சரிவும்: கேமரன் மலை விடுதிகள் குறித்து ஒரு மதிப்பீடு

கேமரன் மலை விடுதிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அறையின் அகலம், காலை உணவு, வாடகை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். கோலாலம்பூர் விடுதிக்கு அந்த அளவுகோல் போதும். ஆயிரம் மீட்டருக்கு மேலே, மழையும் மூட்டமும் விட்டு விலகாத ஊருக்கு அது போதாது. மலை விடுதி முதலில் ஈரத்தை வெளியே நிறுத்த வேண்டும். தான் நிற்கும் சரிவுக்குக் கேடு செய்யாமல் நிற்க வேண்டும். தங்க வந்தவருக்கு அந்த மலையைக் காட்டவும் வேண்டும். கட்டில் எவ்வளவு அகலமானாலும், இவற்றில் தேறாத விடுதியை மலை விடுதி என்று ஏற்க இயலாது. ரிங்லெட்டிலிருந்து திரிங்காப் வரையுள்ள தங்குமிடங்களை இந்தக் கண்கொண்டே எடைபோடுகிறேன்.

பலரும் முதலிடம் தரும் ஸ்மோக்ஹவுஸிலிருந்து தொடங்குவதே முறை. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே, கோல்ப் திடலையொட்டி 1937-இல் எழுந்த கட்டடம் அது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் ஓடும் டியூடர் பாணி. பாணி பற்றிய விவாதத்துக்கு முன் கைத்திறனைப் பார்க்க வேண்டும். கூரை செங்குத்தானது, மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். கணப்பு அடுப்பு அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. எரியும் நேரமெல்லாம் அறையின் ஈரக்காற்றைப் புகைபோக்கி வழியே வெளியே இழுக்கிறது. வெறும் மின்விசிறியால் செய்ய முடியாத வேலை இது. கட்டடத்தின் அளவும் அடக்கமானது. பெரிதாகக் கட்டினால் அதிக விருந்தினர் வருவார்கள் என்ற ஆசைக்கு அது இடம் கொடுக்கவில்லை. ஈரத்துக்கு விடை சொல்வதில் இந்த மலையில் இதற்கு நிகரான கட்டடம் எனக்குத் தெரியவில்லை.

குறை சன்னலில் தொடங்குகிறது. டியூடர் வீட்டின் சிறு கண்ணாடிக் கட்டங்கள், பெரிய கண்ணாடி செய்ய முடியாத காலத்தில், நீண்ட குளிர்கால நாட்டில் பிறந்தவை. கேமரனில் பனி பெய்வதில்லை. இங்கே அரிதாகக் கிடைப்பது வெயில். காலையில் சில மணி நேரம் வரும் அந்த வெளிச்சத்தை முழுதாக உள்ளே வாங்க அகன்ற சன்னல் வேண்டும். ஸ்மோக்ஹவுஸ் மலையைப் பார்ப்பதைவிடத் தன் பூந்தோட்டத்தைப் பார்ப்பதே அதிகம். தோட்டம் அழகானது, பேணுதலும் குறையற்றது. ஆனால் அந்த வீட்டை அப்படியே பெயர்த்து இங்கிலாந்தின் தென்பகுதியில் வைத்தாலும் எதுவும் குறைந்துவிடாது. தேர்ந்த கட்டடம்தான்; இந்த மண்ணோடு அதற்குள்ள உறவு மெலிந்தது.

1937-இல் அந்தப் பாணிக்கு ஒரு நியாயம் இருந்தது. வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மேட்டுநிலத்தை அளந்து குறித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு தாப்பாவிலிருந்து சாலை ஏறி வந்ததும், சமவெளி வெக்கையில் வாடிய ஆங்கிலேயர் தம் ஊரின் சாயலை இங்கே தேடினார்கள். அது உண்மையான ஏக்கம். அதிலிருந்து உண்மையான வடிவம் வந்தது. ரிங்லெட்டின் லேக்ஹவுஸ் விடுதிக்கு இதே நியாயம் பொருந்துமா? அது நோக்கி நிற்கும் சுல்தான் அபு பாக்கார் ஏரி இயற்கை ஏரி அல்ல. மின் உற்பத்திக்காக 1963-இல் அணை கட்டித் தேக்கியது. அதாவது நாடு விடுதலை பெற்ற பிறகு தேக்கிய நீர்ப்பரப்பின் எதிரே மீண்டும் டியூடர் வீடு. அதன் மரவேலையும் அமைதியும் பாராட்டுக்குரியவை. எனினும் தேவையில் பிறந்த பாணி இங்கே பழக்கமாகிவிட்டது. அடுத்த கட்டத்தில் பழக்கம் வெறும் அடையாளமாகத் தேய்ந்தது. பல மாடிக் கான்கிரீட் அடுக்குகளின் நெற்றியில் கறுப்புப் பட்டைகள் ஏறின. சுமை தாங்கிய சட்டம் வர்ணக் கோடாகிவிட்ட வரலாறு இது.

அதே ஏரி சரிவைப் பற்றியும் பேச வைக்கிறது. மேலே காடு வெட்டிய மண் ஆற்றோடு வந்து ஏரியில் படிகிறது. தூர் வாரித் தீரவில்லை. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறக்கப்பட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. 2014 நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம், மறுபடியும் சாவு. காய்கறித் தோட்டங்களைத்தான் எல்லாரும் குற்றம் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் மலையின் தோளை வெட்டி எழுப்பிய விடுதி அடுக்குகளும் அதே கணக்கில் வர வேண்டியவை. தங்குமிடத்தை மதிப்பிடும்போது அதன் பின்சுவருக்குப் பின்னால் உள்ள வெட்டுச் சரிவையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சரிவில் புல்லும் வடிகாலும் இருக்கின்றனவா, அல்லது நீலத் தார்ப்பாய் போர்த்தி விட்டிருக்கிறார்களா? வரவேற்பறைப் பளிங்கைவிட அந்தத் தார்ப்பாய் அதிகம் சொல்லும்.

ஆடம்பர வரிசையில் கேமரன் ஹைலேண்ட்ஸ் ரிசார்ட் தனியாக நிற்கிறது. 56 அறைகள் மட்டும். எண்ணிக்கையை அடக்கியதால் பராமரிப்பில் தரம் நிற்கிறது. மரமும் வெளிச்சமும் சேர்ந்த உள்ளமைப்பில் ஒருமையும் இருக்கிறது. அது தனக்கெனச் சொல்லிக்கொள்ளும் கதையில்தான் எனக்கு உடன்பாடில்லை. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சனின் பெயரை அங்கே தேநீர்க் கூடம் தாங்கியிருக்கிறது. ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே வந்தவர் அவர். 1967 மார்ச் 26 அன்று மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை, இன்றுவரை தடயமும் இல்லை. கதை ஈர்ப்பானது, மறுக்கவில்லை. ஆனால் மலையின் வரலாற்றைச் சொல்ல ஒரு விருந்தாளியின் மறைவுதானா கிடைத்தது? ஜே. ஏ. ரஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். லயத்தில் வாழ்ந்து, கொழுந்து கிள்ளி, பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பிய தலைமுறைகள் அவை. விடுதிச் சுவர்களில் அவர்கள் தென்படுவது பெரும்பாலும் கூடை சுமந்த, பெயரில்லாத உருவங்களாகத்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. இலங்கையில், நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையை 1990-களில் விடுதியாக மாற்றினார்கள். கொழுந்து வாடப் போட்ட மேல்தளங்கள் அறைகளாயின. இயந்திரங்களின் மிச்சம் நடுக்கூடத்திலேயே நிற்கிறது. தொழிலாளியின் வாழ்வை அந்த விடுதியும் முழுதாகச் சொல்லிவிடவில்லை. உழைப்பை அலங்காரமாக்கும் அபாயம் அங்கேயும் உண்டு. ஆயினும் வடிவத்தைத் தேயிலையிடமிருந்தே அது பெற்றது. வரிசை வரிசையான அந்தச் சன்னல்கள் காற்றுக்காக வைக்கப்பட்டவை, ஆகவே ஈரத்துக்கும் விடை அங்கேயே இருந்தது. கேமரனில் இதற்கு நிகரான துணிவு சுங்கை பாலாஸ் தேயிலை நிலையத்தில் மட்டும் தெரிகிறது. சரிவிலிருந்து அந்தரத்தில் நீளும் அதன் மேடை, எந்த நாட்டின் பாணியையும் கடன் வாங்காமல் பள்ளத்தாக்கைக் கண்முன் விரிக்கிறது. அது தங்கும் இடம் அல்ல என்பதே வருத்தம்.

பிரிஞ்சாங், கீ பார்ம் அடுக்குமாடி அறைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பத்துப் பேர் கொண்ட குடும்பம், சோற்றுப் பானையும் சம்பலும் சகிதம் கிள்ளானிலிருந்து வந்தால், சமையலறையோடு மூன்று அறை கிடைப்பது பெரிய உதவிதான். அந்தத் தேவையை இழிவாகப் பேசுவது நியாயமல்ல. ஆனால் கட்டியவர்கள் சமவெளி வரைபடத்தை அப்படியே மலைக்கு ஏற்றிவிட்டார்கள். வெளிச்சன்னல் இல்லாத குளியலறை, சுவருக்குச் சுவர் கம்பளம், திறக்க முடியாத கண்ணாடி. அப்படிப்பட்ட அறைகளில் அலமாரியைத் திறந்து முகர்ந்தாலே போதும்; தலையணைக்கு அடியில் கைவைத்தால் உறை குளிர்ந்து சற்றே பிசுபிசுக்கும். துணி காய வெயில் இல்லாத ஊரில் உலர்த்தும் இயந்திரத்துக்குச் செலவிடாமல் படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இதுதான் நடக்கும். போதாததற்கு, பள்ளி விடுமுறை வந்தால் பிரிஞ்சாங்கிலிருந்து கீ பார்ம் சந்தை வரை வண்டிகள் நகராது. ஈரம், சரிவு, காட்சி மூன்றிலும் இந்த வகை தேறவில்லை.

தானா ராத்தாவின் சிறிய விருந்தினர் இல்லங்கள் இதற்கு நேர்மாறு. அறை எளியது, சில சமயம் மிக எளியது. சுவர் மெல்லியது, பக்கத்து அறையின் இருமல் கேட்கும். ஆனாலும் இவை தம் வேலையை அறிந்தவை. ஊரைச் சுற்றியுள்ள காட்டு நடைபாதைகளுக்கு எண்கள் உண்டு. எது அண்மையில் மண் சரிந்து அடைந்தது, ராபின்சன் அருவிக்குப் போகும் 9-ஆம் பாதையில் மழைக்குப் பிறகு எங்கே வழுக்கும், எந்நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதை நடந்து பார்த்தவர் முகப்பு மேசையில் இருந்து சொல்கிறார். சன்னலால் காட்ட முடியாத மலையை இவை கால்வழியே காட்டுகின்றன. பழைய தாழ்ந்த கட்டடங்களில் இருப்பதால் புதிதாக மலையை வெட்டவும் இல்லை. இறங்கினால் தெருவிலேயே தோசை, ரொட்டி சானாய், சுடச்சுடத் தே தாரிக். வண்டியே வேண்டாம். இலக்கு சிறிது, நிறைவேற்றம் முழுமை. ஈரத்தைக் கையாள்வதில் மட்டும் இல்லத்துக்கு இல்லம் தரம் மாறுகிறது.

திரிங்காப்தான் இந்த ஒப்பீட்டின் கடினமான பகுதி. தாப்பா சாலை ஒன்றே வழியாக இருந்த காலத்தில் அது ஏறக்குறையக் கடைக்கோடி. அங்கே யாரும் தங்க வந்ததில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதுச்சாலை வந்ததும் நிலைமை தலைகீழானது. ஈப்போவிலிருந்து ஏறுகிறவருக்குத் தானா ராத்தாவுக்கு முன்பே திரிங்காப் வந்துவிடுகிறது. வடக்கே புளூ வேலி, தெற்கே சுங்கை பாலாஸ் என இரு தேயிலைப் பரப்புகளுக்கு இடையே கடைவீதி, காய்கறிக் கிடங்கு, லாரிகள். கடைமாடி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் சன்னலைத் திறந்தால் பச்சைப் பள்ளத்தாக்கு தெரியாது; படிக்கட்டாக இறங்கும் தோட்டக் கூடாரங்களின் பிளாஸ்டிக் கூரைகள்தான் தெரியும். இரவில், சாமந்தி காலத்துக்கு முன் பூத்துவிடாதபடி விளக்குப் போடும் கூடாரங்கள் சரிவெங்கும் மஞ்சளாக எரியும். மழை பெய்தால் அந்தக் கூரைகள் எழுப்பும் ஓசையில் பேச்சு கேட்காது.

இதைக் குறை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கேமரன் இன்று எதை விளைத்து வாழ்கிறது, யார் உழைப்பில் வாழ்கிறது, மண் ஏன் ஏரிக்குப் போகிறது என்பது ஒரே சன்னலில் தெரியும் இடம் இதுதான். காட்சி அழகானதல்ல, உண்மையானது. மூன்றாவது அளவுகோலில் திரிங்காப் ஸ்மோக்ஹவுஸையே முந்துகிறது.

ஆனால் மற்றவற்றில் வீழ்கிறது. கடைமாடி அறைகளின் ஈரம் பிரிஞ்சாங் அடுக்குகளுக்குச் சளைத்ததல்ல. ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய வீடுகளில் வீட்டுக்காரரே இருப்பதில்லை. கதவருகே பெட்டியில் சாவி, சுவரில் விதிமுறைத் தாள், அவ்வளவுதான். சுற்றுலா அமைச்சின் பதிவுபெற்ற ஹோம்ஸ்டே திட்டத்தின் அடிப்படையே விருந்தினர் குடும்பத்தோடு தங்குவதுதான். வெளியே உள்ள தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆளில்லாதபோது சன்னலில் தெரியும் உண்மை ஊமையாகிறது. சுங்கை பாலாஸ் தேயிலையையோ பாசிக்காட்டையோ பார்க்கக் கிளம்பினாலும் கீ பார்ம் நெரிசலைக் கடந்தே ஆக வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கட்டடக் கலைக்கு ஸ்மோக்ஹவுஸ், ஐயமில்லை. தங்கலின் முழுமைக்கு முதலிடம் தானா ராத்தாவின் சிறிய இல்லங்களுக்கு. ஈரத்தைச் சரிவரக் கையாள்பவற்றுக்கு மட்டும். அடுத்து ஸ்மோக்ஹவுஸ். ரிசார்ட் மூன்றாமிடம். அடுக்குமாடிகள் பெரிய குடும்பத்தின் வசதிக்கு உதவும். மலை விடுதி என்ற தகுதி அவற்றுக்கு இல்லை. திரிங்காப்புக்கு இடம் ஒதுக்க இன்று என்னால் இயலவில்லை. ஆயினும் மற்ற எதற்கும் இல்லாத பொருள் அதன் கையில் இருக்கிறது. அங்கே அறை பதிவு செய்யும் வாசகர்கள் வாடகை கேட்கும் முன், குளியலறைக்கு வெளிச்சன்னல் உண்டா, வீட்டுக்காரர் அங்கேயே இருப்பாரா, காலையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவாரா என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் வீடுகள் மாறும்.