பல துறை கண்டவர் நல்ல ஆசானா?

கட்டட வேலையில் தொடங்கி, இயந்திரத்துக்குப் போய், மின்சாரத்தையும் கணினியையும் தொட்டுவந்த பொறியியலாளரே இளையோருக்குச் சிறந்த வழிகாட்டி என்ற பேச்சு இப்போது பட்டமளிப்பு மேடைகளில் ஓயாமல் கேட்கிறது. அந்தப் பேச்சுக்குத் திருகோணமலையில் வலுவான சான்று ஒன்று உண்டு.

1944 ஓகஸ்ட் 8 அன்று ‘வேலியன்ட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை இந்தத் துறைமுகத்தில் மிதக்கும் உலர்துறையில் ஏற்றினார்கள். உலர்துறையை உயர்த்த அதன் தொட்டிகளிலிருந்து நீரை இறைத்தபோது, கப்பலின் எடை எங்கே எவ்வளவு கிடக்கிறது என்பதற்குப் பொருந்தாத வரிசையில் இறைத்துவிட்டார்கள். கப்பலில் வெடிபொருளும் நிறைந்திருந்தது. உலர்துறை முதுகொடிந்து மூழ்கியது. சுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிப்போன கப்பல் மிதந்து தப்பியது. ஆனால் நேராக ஓட முடியாத அந்த நிலையில் சூயஸ் கால்வாயை அதனால் கடக்க முடியவில்லை.

நீர் இறைப்பும் கப்பலின் எடையும் இரும்பின் வளைவும் ஒரே தலைக்குள் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்பார்கள். பல துறை கண்டவர் துறைகள் சந்திக்கும் எல்லையில் நின்று கேள்வி கேட்பார், பிறர் பாஷை அவருக்குப் புரியும். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அன்று தவறியது எந்தத் தொட்டியை எப்போது எவ்வளவு இறைப்பது என்ற ஒரேயொரு கணக்கு. அது கப்பல் கட்டுமானத் துறையின் சொந்தக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடந்தவருக்குத்தான் அது கைவரும். ‘இதுபோல ஒன்றை அங்கே பார்த்தேன்’ என்ற நினைவு அதற்கு ஈடாகாது. பல இடம் மாறியவர்களிடம் அந்த நினைவுதான் முதலில் வாய்க்கு வருகிறது.

ஏவுகணை விஞ்ஞானி அப்துல் கலாமை எதிர்வாதமாக வைப்பார்கள். ஏவுகணைக்கென உருவான இலேசான கூட்டுப்பொருளால், போலியோ பிள்ளைகள் சுமந்த மூன்று கிலோ கால்தாங்கி 300 கிராமாகக் குறைந்தது. அருமையான வேலை. அதைச் சாத்தியமாக்கியது ஒரே பொருளோடு பல ஆண்டு மல்லுக்கட்டிய ஆய்வுக்கூடம். மேடையில் அந்த ஆண்டுகள் சொல்லப்படுவதில்லை. ஏவுகணையிலிருந்து மருத்துவமனைக்குத் தாவியது மட்டும் சொல்லப்படுகிறது. கேட்கும் பிள்ளை தாவக் கற்றுக்கொள்கிறது. இப்படி வழிகாட்டுபவர்களில் பெரும்பாலோர் தொழிலைக் கற்பிப்பதில்லை, தம் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஒன்றில் ஊன்றி நிற்க வேண்டிய வயதில் அந்தக் காலத்தையே இளையவரிடமிருந்து பறிக்கிறார்கள். எனக்கு இது பெரும் அநியாயமாகப் படுகிறது.

இதற்கு மாறான வழிக்கு, திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகளில் 61ஐ, பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த கம்பனியிடம் 2022 ஜனவரி உடன்படிக்கை ஒப்படைத்தது. உப்புக்காற்றில் எண்பது ஆண்டுக்கும் மேலாக நின்ற இரும்பு அது. தகடு, அத்திவாரம், குழாய், தீத்தடுப்பு என்று பல துறையும் அங்கே வேண்டும். இருந்தாலும், டிப்ளோமாவோடு அங்கே நுழையும் திருகோணமலைப் பிள்ளையைத் துரு ஒன்றிலேயே சில ஆண்டு விட வேண்டும். அடித்தட்டில் மிச்சமிருக்கும் தடிப்பை அளந்து, அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துப் பழகட்டும். மண் பொறியியலாளரிடம் என்ன கேட்பது என்று பிறகு தானாகவே தெரியவரும். எடுத்த அளவை அன்றைக்கே திரும்ப அளந்து, பிழையென்றால் முகத்துக்கு நேரே சொல்லும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் வேறெந்தத் துறையையும் கண்டிராதவரானாலும் எனக்குச் சம்மதமே.