மாக்ஸ் ரேகரின் வயலின் கன்செர்ட்டோ: ஒரு மதிப்பீடு

மாக்ஸ் ரேகரின் வயலின் கன்செர்ட்டோ (ஏ மேஜர், ஓபஸ் 101) ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் (1873–1916) 1907, 1908 ஆண்டுகளில் எழுதிய படைப்பு. தனி வயலினும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இது மூன்று பகுதிகள் கொண்டது. வாசித்து முடிக்க ஏறத்தாழ 55 நிமிடங்கள் ஆகும். ரொமாண்டிக் காலத்தின் இறுதிக்கட்டத்தில் பிறந்த பெரிய வயலின் கன்செர்ட்டோக்களில் மிக நீளமானவற்றுள் இதுவும் ஒன்று; மிகக் குறைவாக மேடையேறுபவற்றுள்ளும் ஒன்று. இதை விரும்புவோர் மிகவும் விரும்புகிறார்கள். மற்றவர்கள் ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடுகிறார்கள். இந்த இரு முடிவுகளும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்பதே இப்படைப்பைப் பற்றிய முதன்மையான கேள்வி.

தோற்றம்

ரேகர் பவேரியாவிலுள்ள பிராண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். இசைக் கோட்பாட்டாளர் ஹியூகோ ரீமானின் மாணவர். ஆர்கன் இசையாலும் சேம்பர் இசையாலும் பெயர் பெற்ற இவர் 1907இல் லைப்சிக் நகரில் ஆசிரியப் பணியேற்றார். அந்த ஆண்டில்தான் ஹில்லரின் மெட்டின்மீது அமைந்த வேறுபாடுகள் (ஓபஸ் 100) என்ற பெரிய இசைக்குழுப் படைப்பை முடித்திருந்தார். அதன் கையோடு வந்தது வயலின் கன்செர்ட்டோ.

1908 அக்டோபரில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் இது அரங்கேறியது. பிரான்சில் பிறந்த வயலின் கலைஞர் ஆன்றி மார்ட்டோ தனி வயலின் வாசித்தார். ஆர்த்தர் நிக்கிஷ் இசைக்குழுவை நடத்தினார். மறைந்த யோசப் யோவாகிமின் இடத்தில் அதே ஆண்டு பெர்லினில் ஆசிரியராக அமர்ந்தவர் மார்ட்டோ. நிக்கிஷ் அக்காலத்தின் தலையாய இசைநடத்துநர்களில் ஒருவர். ஆகவே இப்படைப்புக்குத் தொடக்கத்தில் நல்ல அரங்கோ நல்ல கலைஞர்களோ கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிடைக்காமல் போனது, அதற்கு ஏற்ற கேட்கும் சூழல்.

நீளமும் அமைப்பும்

பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் கன்செர்ட்டோக்கள் வந்த வழியிலேயே ரேகர் தன் படைப்பையும் வைத்துப் பார்த்தார். விரைவான முதற்பகுதி, மெதுவான நடுப்பகுதி, துள்ளலான இறுதிப்பகுதி என்ற பழைய ஒழுங்கை அவர் மாற்றவில்லை. வயலின் கலைஞரின் விரல் வேகத்தைக் காட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்ட பகுதிகள் இதில் குறைவு. கடினமான வாசிப்பு நிறைய உண்டு. அதில் பெரும்பாலானது இசைக்குழுவின் நெசவுக்குள் கலந்துவிடுகிறது. கலைஞர் வியர்க்க வியர்க்க வாசித்தாலும் அவையோருக்கு அந்த உழைப்பு தெரிவதில்லை.

மெண்டல்சோனின் புகழ்பெற்ற வயலின் கன்செர்ட்டோ மூன்று பகுதிகளும் சேர்ந்து அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரேகரின் முதற்பகுதி மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். பிராம்ஸின் கன்செர்ட்டோ சுமார் 40 நிமிடம். 1910இல் வந்த எல்கரின் கன்செர்ட்டோ ரேகருடையதற்கு நெருங்கிய நீளம் கொண்டது. எல்கருடையது இன்றும் பெரிய அரங்குகளில் ஒலிக்கிறது என்பதால், நீளம் ஒன்றே ரேகருடையதன் புறக்கணிப்புக்குக் காரணமாகிவிடாது.

கேட்பதில் உள்ள சிக்கல்

உண்மையான சிக்கல் இசையின் அடர்த்தியில் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அங்கே ஆதார சட்சம் ஒன்று. கச்சேரி முழுவதும் தம்புரா அதைக் காதில் வைத்துக்கொண்டே இருக்கும். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பிவரும் வீடு எது என்பது கேட்பவருக்குத் தெரியும். ஐரோப்பிய இசையில் அந்த மையமே இடம் மாறலாம். மொசார்ட், பீத்தோவன் போன்றோர் மாறும்போது போதிய முன்னறிவிப்புக் கொடுத்து, புதிய இடத்தில் சிறிது நேரம் தங்கவும் விடுவார்கள். ரேகர் தங்குவதில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு மூன்று மையங்களைத் தொட்டுவிடுவார். மையம் மாற்றுவதற்கான நூறு எடுத்துக்காட்டுகளைக் கொண்ட சிறு பாடநூல் ஒன்றை 1903இலேயே வெளியிட்டவர் அவர். இந்த வித்தை அவருக்குக் கைவந்த கலை. அதுவே புதிதாகக் கேட்பவருக்குத் தடையும் ஆகிறது.

இரண்டாவது தடை, இசைக்குழுவின் ஓயாத பேச்சு. தனி வயலின் பாடும்போது கீழே மற்றக் கருவிகள் துணைமட்டும் செய்யாமல், தத்தமக்கென்று ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கின்றன. தாளைப் பிரித்துப் பார்ப்பவர் ஒவ்வொரு வரியின் அழகையும் காணலாம். அரங்கில் இருப்பவருக்கு எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் போகிறது. கண் நிறையப் பார்க்க ஏராளம் இருந்தும் நிழலில் உட்கார ஓர் இடம் இல்லாத பாதையைப் போன்றது முதற்பகுதி. வகுப்பில் ஒரே மூச்சில் பத்துக் கருத்துகளைச் சொல்லும் ஆசிரியர் ஒன்றைக்கூடப் பதிய வைப்பதில்லை. ரேகரிடம் அந்தக் குறை உண்டு. அவருடைய ஆதரவாளர்கள் இதை மறைக்க முயல்வது அவருக்கு நன்மை செய்யாது.

அடால்ஃப் புஷ்

இப்படைப்பின் மிகச் சிறந்த ஆதரவாளர் இளம் வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ் (1891–1952). 1909இல் கொலோன் நகருக்கு ரேகர் வந்திருந்தபோது, பதினேழு வயதுப் புஷ் இந்த கன்செர்ட்டோவை மனப்பாடமாக வாசித்துக் காட்டினார். பின்னாளில் பெரும் இசைநடத்துநரான அவருடைய அண்ணன் ஃபிரிட்ஸ் புஷ் பியானோவில் துணை செய்தார். அரங்கேறிச் சில மாதங்களே ஆன, ஒரு மணி நேரத்தை நெருங்கும் படைப்பை ஒரு சிறுவன் தாளைப் பார்க்காமல் வாசித்தது ரேகரை நெகிழ வைத்தது. அன்று தொடங்கிய நட்பு ரேகர் 1916 மே 11 அன்று, 43 வயதில், லைப்சிக் நகரில் மாரடைப்பால் இறக்கும்வரை நீடித்தது.

ரேகரின் இறப்புக்குப் பிறகும் புஷ் இதைக் கைவிடவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. வயலின் வரியை அப்படியே வைத்துக்கொண்டு, இசைக்குழுப் பகுதியை மெலிதாக்கிப் புதிதாக எழுதினார். படைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர், அதன்மேல் அன்பு வைத்தவர், மேடையில் பலமுறை வாசித்தவர், அடர்த்தியைக் குறைத்தால்தான் வயலின் கேட்கும் என்று கருதியிருக்கிறார். எதிர்ப்பாளர்கள் எழுதிய எந்தக் கண்டனத்தையும்விட இந்தச் சான்று வலுவானது. அதே சமயம், மாற்றி எழுதுவதற்கு அவ்வளவு உழைக்கலாம் என்று அவர் நினைத்ததும் ஒரு சான்றுதான். காப்பாற்றத் தகுதியில்லாத படைப்புக்கு யாரும் இப்படி உழைப்பதில்லை.

புஷ் 1927இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் வாசிக்க மறுத்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். ரேகரின் இசைக்கு அதன் சொந்த நாட்டில் வாதாட முதன்மையான வயலின் கலைஞர் இல்லாமல் போனார்.

வியன்னாவில் ஒரு சோதனை

இந்த கன்செர்ட்டோவின் வரலாற்றில் மிகவும் பாடம் தருவது வியன்னாவில் நடந்தது. 1918இல் ஆர்னால்ட் ஷோன்பெர்க் தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர் மட்டுமே வரலாம். கைதட்டக் கூடாது, அதிருப்தியையும் காட்டக் கூடாது. பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடினமான படைப்புகள் மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும். அச்சங்கத்தில் மிக அதிகமாக இடம்பெற்ற இசையமைப்பாளர் ரேகர்தான். ஷோன்பெர்க் அவரைப் பெரிதும் மதித்தார்.

அந்த வட்டத்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ் ரேகரின் கன்செர்ட்டோவைச் சில கருவிகள் மட்டும் கொண்ட சிறு குழுவுக்காக மாற்றி அமைத்தார். இந்தச் சிறு வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கருவி என்பதால், பெரிய இசைக்குழுவில் மங்கிப்போகும் குரல்கள் தனித்தனியே தெளிகின்றன. புஷ் வந்தடைந்த முடிவுக்கே வேறு வழியில் வந்து சேர்ந்தது கோலிஷின் முயற்சி.

சங்கத்தின் விதிகள் ரேகருக்காகவே வகுத்தவை போலத் தோன்றுகின்றன. அவருடைய இசை முதல் கேட்பில் கதவைத் திறப்பதில்லை. இரண்டாவது கேட்பில் திரும்பிவரும் மெட்டுகள் அடையாளம் தெரிகின்றன. மூன்றாவதில்தான் அவை எங்கிருந்து புறப்பட்டு எங்கே சேர்கின்றன என்பது புரிகிறது. ஒரு நகரில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறைகூட வாசிக்கப்படாத படைப்புக்கு மூன்றாவது கேட்பு எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்காததால் பிடிப்பதில்லை. பிடிக்காததால் யாரும் வாசிப்பதில்லை. இந்தச் சுழலில் சிக்கியதே இப்படைப்பின் கதை.

ஒலிப்பதிவுகள்

வியன்னா சங்கம் 1921 இறுதியில் நின்றுபோனது. அது செய்ய நினைத்ததை இன்று ஒலிப்பதிவு செய்கிறது. மான்ஃபிரெட் ஷெர்ட்சர், ஹெர்பர்ட் புளூம்ஸ்டெட் நடத்திய டிரெஸ்டன் இசைக்குழுவுடன் வாசித்த பதிவு பல ஆண்டுகள் இப்படைப்பின் அறிமுகமாக இருந்தது. பின்னர் தான்யா பெக்கர்-பெண்டர் (நடத்துநர் லோத்தர் சாக்ரோசெக்), உல்ஃப் வாலின் (நடத்துநர் உல்ஃப் ஷிர்மர்) ஆகியோரின் பதிவுகள் வந்தன. பெக்கர்-பெண்டரின் பதிவில் ரேகர் 1900இல் வயலினுக்கும் சிறு இசைக்குழுவுக்குமாக எழுதிய இரு ரொமான்ஸ்களும் (ஓபஸ் 50) சேர்ந்திருக்கின்றன.

புதிதாகக் கேட்பவர்கள் அந்த ரொமான்ஸ்களிலிருந்து தொடங்குவது நல்லது. சில நிமிடங்களே நீளும் அவற்றில் ரேகரின் மெட்டுப் போக்கு, மையம் மாற்றும் பழக்கம், நீண்ட மூச்சு ஆகியவை எளிய அளவில் கிடைக்கும். அடுத்து கன்செர்ட்டோவின் நடுப்பகுதியைத் தனியே கேட்கலாம். அது பழகிய பிறகு முதற்பகுதிக்கு வந்தால், அங்கே வழி தவறும் அச்சம் பாதியாகக் குறையும். ஒரே அமர்வில் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மதிப்பீடு

இப்படைப்பின் உச்சம் நடுப்பகுதி. மிக மெதுவாக, மிகுந்த உணர்வுடன் வாசிக்க வேண்டும் என்பது ரேகரின் குறிப்பு. இங்கும் அவர் மையங்களை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் வேகம் குறைந்திருப்பதால் ஒவ்வொரு மாற்றமும் காதில் விழுகிறது. வயலினுக்கு இடமும் கிடைக்கிறது. முதற்பகுதியில் குழப்பமாகத் தோன்றிய அதே மொழி இங்கே ஆழமாகிறது. பிராம்ஸின் மெதுப்பகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூசவேண்டியதில்லை. இறுதிப்பகுதி ரேகரின் நகைச்சுவையைக் காட்டுகிறது. கனமான முதற்பகுதிக்கு அது போதிய எதிரெடையா என்பதில் ஐயம் எழலாம்.

முழுமையில் பார்த்தால் இது பிராம்ஸின் கன்செர்ட்டோவுக்கு இணையானது என்று சொல்ல முடியாது. பிராம்ஸிடம் எதைச் சொல்லாமல் விடுவது என்ற தெளிவு இருந்தது. ரேகர் எதையும் விட்டுவிட மனமில்லாதவர். அந்த மனமின்மையே அவருடைய குறை; அவருடைய செல்வமும் அதிலிருந்துதான் வருகிறது. 1908 டிசம்பரில், இந்த கன்செர்ட்டோ அரங்கேறி இரண்டு மாதங்களில், ஷோன்பெர்க்கின் இரண்டாம் நால்வர் இசை வியன்னாவில் அரங்கேறி, பழைய மைய ஒழுங்கைத் துறக்கத் தொடங்கியது. ரேகர் அந்த எல்லைவரை வந்து, வீட்டை விட்டு வெளியேறாமல் நின்றவர். புதுமை தேடியோருக்கு அவர் பழையவராகவும், பழமை தேடியோருக்குக் குழப்பக்காரராகவும் தெரிந்தார்.

புறக்கணிக்கப்பட்ட படைப்பு ஒவ்வொன்றும் மறைந்த தலைசிறந்த படைப்பு ஆகிவிடாது. ஆனால் ஒருமுறை மட்டும் கேட்டுச் சொல்லப்பட்ட தீர்ப்பை இறுதியானதாகக் கொள்வதும் முறையல்ல. ரேகரின் கன்செர்ட்டோ கேட்பவரிடம் பாராட்டுக்கு முன்பாக நேரத்தைக் கேட்கிறது. பதினேழு வயதுப் புஷ் அந்த நேரத்தைக் கொடுத்தார். பெற்றதை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டார். மூன்று முறை கேட்டபின்னும் பிடிக்கவில்லை என்பவரின் கருத்துக்கு மதிப்புண்டு. முதல் பத்து நிமிடத்தில் எழுந்துபோனவரின் கருத்து இப்படைப்பைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.