மூன்று படிக்கு மேலே ஒரு மரக்கால்

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர்னு சொல்லல. இந்தக் குறை அந்த ஒரு இடத்துக்கு மட்டுமானது இல்லை. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், வாக்கர் வச்சுத்தான் நடை. வாசல்ல மூணு படி, கைப்பிடி கிடையாது. ஊழியர் ஒருத்தர் நல்ல மனசோட, "நாற்காலியோட தூக்கிடலாம் சார்"ன்னார். அம்மா ஒத்துக்கல. "நீ போய்ப் பாத்துட்டு வாடா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

இந்த மாதிரிப் பெருந்தன்மையாலதான் பிரச்சினை வெளியே தெரியாமலே போகுது. யாரும் சண்டை போடறதில்லை. வருகைப் பதிவேடும் உள்ளே மேசை மேல இருக்கு. வாசலோட நின்னவங்க அந்தக் கணக்கில் வரமாட்டாங்க.

திண்டிவனம் திரும்பற வழியில டீக்கடையில நிறுத்தி, எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். ஒரு பொருளுக்குப் பக்கத்துல 'மரக்கால்'னு மட்டும் எழுதியிருந்தது. அம்மா பாத்ததுமே சொன்னாங்க: "எங்க ஊர்ல மரக்காலுக்கு நாலு படி. உங்க தாத்தா ஊர்ல எட்டு. கூலி பேசறப்பவே எந்த மரக்கால்னு கேட்டுக்குவாங்க." முகத்தல் அளவைகள் ஊருக்கு ஊர் மாறினது எனக்குப் படிச்சுத் தெரியும். அது அறுவடைக் கூலியைப் பாதிச்ச விஷயம்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

என் விமர்சனம் இங்கதான். உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கிற பொருள்களைக் கையாண்ட தலைமுறைதான் இன்னிக்குப் படி ஏற முடியாத தலைமுறை. அந்த மூணு படியில நாம இழக்கறது ஒரு பார்வையாளரை மட்டும் இல்லை, பொருளைப் பத்தித் தகவல் சொல்லக்கூடிய ஒருத்தரையும்தான்.

"பழைய இடம்னா அப்படித்தான் இருக்கும்" என்பது வழக்கமான பதில். செஞ்சி ராஜகிரிக்கு அது பொருந்தும். சுமார் 800 அடி உயரம். யாரும் சுலபமா ஏறிடக் கூடாதுன்னு கட்டின கோட்டை. மண்டகப்பட்டுல செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாச் சொல்லும் மகேந்திரவர்மன் கல்வெட்டு பாறையிலேயே இருக்கு, நகர்த்த முடியாது. அதுக்காக அறிஞர்கள் விட்டுடல. 1886ல் ஹுல்ட்ஸ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளரா வந்த காலத்திலிருந்து மைப்படி எடுத்து, அச்சிட்டு, மேசைக்கே கொண்டு வந்துட்டாங்க. அருங்காட்சியகம் செய்யறதும் அதே வேலைதான்: எட்டாத இடத்துல இருக்கறதை எட்டற இடத்துக்குக் கொண்டு வர்றது. அவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டு, கடைசி ஒன்றரை அடியில கைவிடலாமா?

கணக்கு எளிது. படிக்கு 15 செ.மீ. வச்சா மூணு படிக்கு 45 செ.மீ. சாய்தளத்துக்கான 1:12 விகிதப்படி 5.4 மீட்டர் நீளம் வேணும். நான் பாத்த முற்றத்துல ஒரு லாரியே திரும்பலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது 2016ல். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமாகணும்னு ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பர் 8ல்.

சின்ன அருங்காட்சியகங்கள்ல பணமும் ஆளும் குறைவு என்பது நியாயமான வாதம்தான். ஆனா சில வேலைகளுக்குப் பெரிய செலவே கிடையாது. உள்ளே ரெண்டு இடத்துல நாற்காலி. உக்காந்து பாக்கறவங்க கண்ணுக்கு எட்டற உயரத்துல விளக்க அட்டை. உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் பெரிய எழுத்துல ஒரு படத் தொகுப்பு, வாசல்லயே. கூடவே ஒரு நோட்டு, பாத்தவங்க தனக்குத் தெரிஞ்சதை எழுத.

சாப்ட்வேர்ல நாங்க ரொம்ப நாளா பண்ற தப்பு, பயனர் புகார் வரலன்னா எல்லாம் சரியா ஓடுதுன்னு நினைக்கறது. உள்ளேயே வர முடியாதவர் எங்கே போய்ப் புகார் பதிவார்?

நாலு படியா எட்டு படியான்னு கேட்டு அம்மா சொன்ன ஊர்ப் பெயர்களோட எழுதி வச்சிருக்கேன். அடுத்த தடவை போறப்ப அந்தத் தாளை அந்த ஊழியர்கிட்ட கொடுக்கணும்.